டென்னசி மலையடியில் ஒரு பசியாறை

வாரத்தில் ஐந்து நாள், காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கியைத் திறந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, “பசியாறிட்டீங்களா?” நெடுஞ்சாலை நெரிசலில் காடியோடு நிற்பவர், மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருப்பவர், இரவு வேலை முடிந்து வீடு திரும்புபவர் என்று யாராவது உடனே பதில் அனுப்புவார்கள். தோசை, ரொட்டி சானாய், நாசி லெமாக், சில நாள் ‘வெறும் கோப்பிதான்’. கேட்கிற என் வயிற்றிலும் நாலரை மணிக்குக் குடித்த கோப்பியைத் தவிர ஒன்றும் இருக்காது. அடுத்தவர் பசியை விசாரித்தே பத்து வருடம் ஓடிவிட்டது.

கடந்த அக்டோபரில் இரண்டு வாரம் விடுமுறை எடுத்துக்கொண்டு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக்குப் போனேன். என் அக்கா அங்கேதான் இருக்கிறாள். படிக்கப் போன இடத்தில் அந்த ஊர்க்காரரையே கல்யாணம் செய்துகொண்டு, நாக்ஸ்வில் நகரத்துக்குத் தெற்கே மேரிவில் என்ற சிற்றூரில் குடியிருக்கிறாள். கோலாலம்பூரிலிருந்து தோஹா வழியாக அட்லாண்டா, அங்கிருந்து காடியில் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். அக்டோபரில் நமக்கும் அவர்களுக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி நேர வித்தியாசம். கைக்கடிகாரத்தைத் திருத்தவே வேண்டியதில்லை. பகலை இரவு என்று நினைத்துக்கொண்டால் போதும். நம் காலை ஆறு மணி நிகழ்ச்சியை அக்கா அங்கே மாலை ஆறு மணிக்கு இணையத்தில் கேட்டுக்கொண்டே இரவுச் சமையல் செய்வாளாம். இதை அங்கே போன பிறகுதான் சொன்னாள்.

கிளம்பும்போது அம்மா முறுக்கு, மிளகாய்த்தூள், கறிவேப்பிலைப் பொடி எல்லாம் கட்டிக் கொடுத்தார். கூடவே ஒரு கேள்வியையும் கொடுத்தார்.

“அன்னிக்கு அவளுக்கு யாரு சாப்பாடு குடுத்தான்னு கேட்டுட்டு வா.”

‘அன்னிக்கு’ என்றால் அப்பா காலமான நாள். 2021 ஜூன், நடமாட்டக் கட்டுப்பாடு மிகக் கடுமையாக இருந்த நேரம். அக்கா விமானம் பிடித்து வந்திருந்தாலும் குறைந்தது இரண்டு வாரம் தனிமைப்படுத்தியிருப்பார்கள். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அவள் காணொளியில்தான் பார்த்தாள். இங்கே பகல் இரண்டு மணி, அங்கே இரவு இரண்டு மணி. நம் வழக்கப்படி துக்க வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. வீட்டுக்குள் வர முடியாத அந்தக் காலத்திலும் பக்கத்து வீட்டு ஆண்ட்டி தூக்குச்சட்டியில் சாதமும் ரசமும் கொண்டுவந்து கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். அதைப் பிரித்துக்கொண்டே அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “அவளுக்கு அங்க யாரு கொண்டு வந்து குடுப்பா?”

நான் அதைக் கேட்கவே விரும்பவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அக்கா மேல் கோபம். அவளால் வர முடியாது என்பது அறிவுக்குத் தெரியும். ஆனால் மருத்துவமனை, மின்சுடலை, அம்மா என்று எல்லாவற்றுக்கும் தனியாக ஓடியது நான். நான்கு வருடம் நாங்கள் பிறந்தநாள் வாழ்த்தும் குழந்தைகளின் படமும் அனுப்பிக்கொண்டோம். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மலையும் மரமும்

முதல் மூன்று நாள் ஊர் சுற்றினோம். மேரிவில்லிலிருந்து அரை மணி ஓட்டத்தில் ஸ்மோக்கி மலைகள் தொடங்கிவிடுகின்றன. கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்கா 1934-இல் உருவானது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் மிக அதிகமானோர் வந்து போவது இங்கேதான். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் காடியைப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் நாளுக்கு ஐந்து டாலர் கொடுத்து ஒட்டுச்சீட்டு வாங்க வேண்டும். அக்டோபரில் மலை முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இலைகள் நிறம் மாறி நிற்கும். காலையில் பள்ளத்தாக்குகளில் நீலப் புகை போல மூட்டம் தங்கியிருக்கும். பெயரில் உள்ள ‘ஸ்மோக்கி’ அதுதான். நம் கேமரன் மலைப் பனியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கும் அது வேறு மாதிரிதான் இருந்தது.

கேட்ஸ் கோவ் என்ற பள்ளத்தாக்கை ஒரு பதினெட்டு கிலோமீட்டர் வட்டச் சாலையில் மெதுவாகச் சுற்றி வரலாம். பழைய குடியேறிகளின் மர வீடுகளும் தேவாலயங்களும் அப்படியே நிற்கின்றன. ஓடை நீரில் சுழலும் மாவாலை ஒன்றும் இருக்கிறது. அங்கே அரைபட்டது பெரும்பாலும் சோளம். மலைக் குடும்பங்களின் அன்றாட உணவு சோள ரொட்டிதான். கோதுமை மாவு அரிதான பொருள், ஞாயிற்றுக்கிழமைக்கும் விருந்தாளிக்கும் எடுத்து வைப்பது.

பக்கத்தில் டவுன்சென்ட் என்ற ஊர். 1901-இல் லிட்டில் ரிவர் மரக் கம்பெனி அங்கே ஆலை போட்டு, 1939 வரை இந்த மலைகளின் மரத்தை வெட்டி அறுத்தது. இன்று நாம் கன்னிக் காடு என்று நினைத்து வாய் பிளக்கும் பகுதிகளில் பலவும் ஒரு காலத்தில் மொட்டையடிக்கப்பட்டு மறுபடி வளர்ந்தவை. அங்குள்ள சிறு அருங்காட்சியகத்தில் மலைச் சரிவில் மரம் இழுத்த பழைய நீராவி இன்ஜின் ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நின்றபோதுதான் அக்கா சொன்னாள்:

“நாளைக்குக் காலையில மமாவ் வீட்டுல பிஸ்கட்டும் கிரேவியும். அந்தக் காலத்துல இங்க மரம் வெட்டுனவங்க சாப்பாடு அது.”

‘மமாவ்’ என்பது அந்த மலைப்பகுதியில் பாட்டியைக் கூப்பிடும் சொல். அக்காவின் மாமியாரை அவள் பிள்ளைகள் அப்படிக் கூப்பிட, இப்போது ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. எனக்கு ‘அம்மாவ்’ என்றே காதில் விழுந்தது. பிஸ்கட்டும் கிரேவியும் என்றதும் மனக்கண்ணில் வந்தது, மேரி பிஸ்கட்டைக் கோழிக் குழம்பில் முக்கும் காட்சி. முகம் சுளித்துவிட்டேன் போல. அக்கா சிரித்தாள். வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

கையே அளவு

மறுநாள் காலை ஆறு மணிக்கு மமாவ் வீட்டுச் சமையலறையில் இருந்தோம். எழுபதைத் தாண்டிய பெண்மணி, மெலிந்த கைகள், நீட்டி இழுத்துப் பேசும் பேச்சு. “வா கண்ணு, கையைக் கழுவு” என்ற தொனியில் ஏதோ சொன்னார். விருந்தாளிக்கு இருக்கை கொடுக்காமல் வேலை கொடுத்தது எனக்குப் பிடித்திருந்தது.

நமக்கு பிஸ்கட் என்றால் மொறுமொறுப்பானது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கே ‘இரண்டு முறை சுட்டது’ என்று பொருள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பிஸ்கட் என்பது ஒரே முறை சுட்ட, பஞ்சு போன்ற, உள்ளங்கை அளவு ரொட்டி. பேக்கிங் பவுடர் வருவதற்கு முன்பு மாவை அரை மணி நேரத்துக்கு மேல் கட்டையால் அடித்து அடித்தே காற்றை ஏற்றுவார்களாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பேக்கிங் பவுடரும் ஆலையில் அரைத்த மலிவு மாவும் கைக்கு எட்டிய பிறகுதான், விருந்தாளிக்கு எடுத்து வைத்தது எல்லார் வீட்டுக் காலை உணவாகவும் ஆனது.

மாவுதான் இதில் பாதி ரகசியம். அங்கே விளையும் குளிர்காலக் கோதுமை மென்மையானது, புரதம் குறைவு. அதனால் மாவு இழுபடாது, ரொட்டி மிருதுவாக வரும். நாக்ஸ்வில் நகரத்தில் 1883 முதல் ‘வைட் லில்லி’ மாவு இந்தக் கோதுமையில் அரைபட்டு வந்தது. 2008-இல் அந்த ஆலையை மூடிவிட்டார்கள்; மாவு இப்போது வேறு மாநிலத்திலிருந்து வருகிறது, ஆலைக் கட்டடத்தில் அடுக்குமாடி வீடுகள். மமாவ் இன்னும் அந்தப் பையைத்தான் வாங்குகிறார். “மாவு முன்ன மாதிரி இல்ல” என்று வருத்தப்படவும் செய்கிறார். பழைய இடியாப்ப மாவைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லும் அதே குரல்.

அகன்ற கிண்ணத்தில் மாவைக் கொட்டி, குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளை விரல் நுனியால் நிரடினார். புட்டு மாவு பிசறுவது போல, பட்டாணி அளவு உருண்டைகள் தெரியும் வரைதான். பிறகு நடுவில் குழி செய்து மோர். கடையில் விற்கும் அவர்கள் மோர் நம் தயிரைச் சற்றுத் தளர்த்திய பதத்தில் கெட்டியாக இருக்கிறது. எவ்வளவு என்று கேட்டேன். “கேட்கும் அளவு” என்றார். அளவுக் கோப்பை அந்த வீட்டில் கண்ணில் படவில்லை.

சப்பாத்தி மாவு பிசையும் பழக்கத்தில் நான் அழுத்தி உருட்டத் தொடங்கியதும் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். அதிகம் பிசைந்தால் கல்லாகிவிடும். தட்டி, மடித்து, மறுபடி தட்டி, மூன்று முறை மடித்தால் போதும். ஏடு ஏடாகப் பிரியும். வெட்டுவதற்கு, இரு பக்கமும் திறந்த ஒரு பழைய தகர டின். நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு மேலே எழும்பாது. இரும்புச் சட்டியில் ஒன்றோடு ஒன்று உரசும்படி அடுக்கினார். “தனியா நின்னா பக்கவாட்டுல சரிஞ்சுடும், நெருக்கமா இருந்தா ஒன்னை ஒன்னு மேல தூக்கிவிடும்” என்றார். எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னாரா, சட்டியைப் பார்த்துச் சொன்னாரா தெரியவில்லை.

அந்தச் சட்டி அவருடைய அம்மாவுடையது. டென்னசியின் தென் எல்லையில் சவுத் பிட்ஸ்பர்க் என்ற சிற்றூரில் 1896 முதல் லாட்ஜ் குடும்பத்தார் இரும்புச் சட்டி வார்க்கிறார்கள். நாம் தோசைக்கல்லைப் பழக்குவது போலவே எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்குகிறார்கள். நம்மைப் போலவே, அடுத்தவர் அதைச் சோப்புப் போட்டுக் கழுவினால் கோபம் வருகிறது.

காதால் சமைப்பது

பிஸ்கட் அடுப்புக்குள் போனதும் கிரேவி. மிளகும் சேஜ் இலையும் கலந்த, தோலில் அடைக்காத பன்றி இறைச்சி சாசேஜ். குளிர்காலத்தில் பன்றி அடிக்கும் நாட்களில் மீந்த துண்டுகளைக் கொத்தி, மூலிகை சேர்த்து வைக்கும் பழக்கத்தில் வந்தது. அதைச் சட்டியில் உதிர்த்து விட்டதும் படபடவென்று வெடித்தது. நான் கைபேசியில் அந்த ஓசையைப் பதிவு செய்தேன், தொழில் பழக்கம். மமாவ் அதைக் கவனித்து, “நல்லா கேளு” என்றார். ஈரம் இருக்கும் வரை சத்தம் பெரிதாக இருக்கும். ஈரம் வற்றி நெய்யில் வறுபடத் தொடங்கியதும் சத்தம் தாழ்ந்து சீராகும். அப்போதுதான் மாவைத் தூவ வேண்டும். அவர் காதால் சமைக்கிறார்.

ஊறிய கொழுப்பில் மூன்று கரண்டி மாவைத் தூவி, பச்சை வாசனை போகும் வரை வறுத்தார். பிறகு பாலை ஊற்றி, அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கிளறினார். நான்கைந்து நிமிடத்தில் வெள்ளைக் குழம்பாகக் கெட்டிப்பட்டது. மேலே கை நிறைய மிளகுத்தூள். மரம் அறுக்கும் ஆலைகளின் பெயரால் இதை ‘சாமில் கிரேவி’ என்பார்கள். முகாம் சமையல்காரர் சில நேரம் கோதுமை மாவுக்குப் பதில் சோள மாவைப் போடுவாராம். நறநறவென்று இருக்கவே, குழம்பில் மரத்தூளைப் போட்டுவிட்டாயா என்று தொழிலாளர்கள் சத்தம் போட்டதாக ஒரு கதை. கதை எப்படியோ, கணக்குத் தெளிவானது. கைப்பிடி இறைச்சி, கொஞ்சம் மாவு, கொஞ்சம் பால். இரண்டு பேருக்கான கறியில் எட்டுப் பேர் வயிறு நிறைய வேண்டும். அதன் பிறகு விடியலிலிருந்து கோடரி பிடிக்க வேண்டும்.

அப்போது மமாவ் அக்காவைப் பார்த்து சாதாரணமாகக் கேட்டார்: “இதுல இறைச்சி இருக்கு, பரவாயில்லையா? தங்கச்சி விரதம் ஒன்னும் இல்லையே?”

எனக்கு ஆச்சரியம். இவருக்கு விரதம் எப்படித் தெரியும்?

அக்கா சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தமிழில் சொன்னாள்: “அப்பா போன அன்னிக்குத் தெரிஞ்சுக்கிட்டாங்க.”

நான் கேட்க வேண்டிய கேள்விக்கான பதில், நான் கேட்காமலே வந்தது. அன்று இரவு மூன்று மணிக்கு அவள் மடிக்கணினியை மூடியிருக்கிறாள். வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று கணவரிடம் சொன்னாள். ஏன் என்று கேட்டபோது விளக்கிச் சொல்லத் தெம்பு இல்லை. காலை ஆறு மணிக்கு வாசலில் மமாவ். கையில் துணி சுற்றிய சட்டி. அந்த ஊரிலும் துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் சாப்பாடு கொண்டு போவதுதான் வழக்கம். அதனால் தன் வீட்டிலேயே சமைத்து எடுத்து வந்திருந்தார். சாசேஜ் வாசனை வந்ததும் அக்கா அழுதுகொண்டே, இன்றைக்கு இறைச்சி கூடாது, எங்கள் வழக்கம் என்றாள். மமாவ் ஒன்றும் பேசாமல் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“கோவிச்சுக்கிட்டாங்கன்னு நெனச்சேன். முக்கால் மணி நேரத்துல திரும்பி வந்தாங்க. சட்டியக் கழுவி, வெண்ணெயில மாவ வறுத்து, வெறும் பாலும் மிளகும் போட்டு ஒரு கிரேவி. பதினாறு நாளும் அப்படித்தான் கொண்டு வந்தாங்க. பதினாறாம் நாள்தான், முடிஞ்சுதுன்னு நான் சொன்னேன்.”

“நீ ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீ கேக்கலியே.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவள் இந்தப் பக்கம் தனியாக அழுதிருப்பாள் என்று நான் ஒரு முறைகூட நினைத்துப் பார்த்ததில்லை. அடுப்பிலிருந்து பிஸ்கட் வந்தது. கையால் பிரித்தால் ஆவி. மேலே வெள்ளைக் குழம்பை ஊற்றினோம். பார்க்க அழகான சாப்பாடு இல்லை. வாயில் வைத்ததும் முதலில் மிளகு, அப்புறம் மோரின் மெல்லிய புளிப்பு, அப்புறம் கொழுப்பும் பாலும். நான் மூன்று சாப்பிட்டேன். அக்காவும் நானும் அன்று மதியம் வரை அந்த மேசையை விட்டு எழவில்லை.

நம் வீட்டில் செய்ய

அம்மா பன்றி இறைச்சி சாப்பிட மாட்டார். அதனால் கோலாலம்பூர் திரும்பியதும் கோழியில் செய்தேன். எட்டு பிஸ்கட்டுக்கு: 250 கிராம் கேக் மாவு, மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடர், அரைத் தேக்கரண்டி உப்பு. குளிர்ந்த வெண்ணெய் 60 கிராம். தயிரில் பால் கலந்து தளர்த்தியது 180 மில்லி. நம் ஊர் வெக்கையில் வெண்ணெய் உருகிவிடும், கிண்ணத்தையும் மாவையும் அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள். 240 டிகிரி செல்சியஸ் சூட்டில் பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம்.

கிரேவிக்கு: 250 கிராம் கொத்திய கோழியில் உப்பு, ஒரு தேக்கரண்டி மிளகு, உலர்ந்த சேஜ் அல்லது தைம் இலை. கோழியில் கொழுப்பு குறைவு என்பதால் மூன்று மேசைக்கரண்டி வெண்ணெயில் வறுத்து, மூன்று மேசைக்கரண்டி மாவு தூவி, அரை லிட்டர் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். சைவமாக வேண்டுமானால் கோழியை விட்டுவிடுங்கள். அதுவும் அங்கே உள்ள வழக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை தட்டை அம்மா முன் வைத்துவிட்டு, அக்கா சொன்னதை எல்லாம் சொன்னேன். வெள்ளைக் கிரேவி பற்றிச் சொன்னபோது அம்மா கையில் எடுத்த பிஸ்கட்டைக் கீழே வைத்தார்.

“இறைச்சி இல்லாமயா?”

“இல்லாம. பதினாறு நாளும்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பிஸ்கட்டைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார். “தோட்டத்துல உங்க ஆயா ஒரு டின் சார்டின்ல நாலு உருளைக்கிழங்கப் போட்டு ஒம்போது பேருக்குப் பரிமாறுவாங்க. அது மாதிரிதான் இதுவும்” என்றார். சாப்பிட்டு முடித்து, “அந்தம்மாவக் கூப்பிடு” என்றார்.

அங்கே சனிக்கிழமை மாலை. காணொளியில் மமாவ் முகம் தெரிந்ததும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, முந்தானையைச் சரி செய்துகொண்டார். என்ன பேசப் போகிறாரோ என்று பார்த்தேன். தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஈட் ஆல்ரெடி?”

நான் பத்து வருடமாக ஒலிவாங்கியில் கேட்கும் கேள்வி. மமாவ் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னார். அம்மா தலையாட்டினார். இரண்டு பேரும் சும்மா சிரித்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழைப்பை வைத்த பிறகு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

“உப்புதான் கொஞ்சம் கம்மி.”